எடை எழுதாத மருந்துச் சீட்டு

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் மேசை மேல் ஒரு வெர்னியர் காலிப்பர் கிடக்கும். காருக்குள் போகிற ஒரு சின்ன புஷ், ஒரு பின்; மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கூடினாலும் குறைந்தாலும் அந்த உருப்படியைத் தனியாக எடுத்துப் போட்டுவிடுவார்கள். வெளியே வந்தால் எடைமேடை. சரக்கு லாரி காலியாக ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை அதில் ஏறி இறங்கும். அளப்பதும் நிறுப்பதும்தான் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, அந்தப் பட்டறைகளில் ஒன்றில் லேத் ஓட்டுகிற ஒருவர் மனைவியையும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கையில் ஒரு மருந்துச் சீட்டு. அதில் குழந்தையின் பெயர் இருந்தது, வயது இருந்தது, பாரசிட்டமால் மருந்து ஒன்றின் வணிகப் பெயர் இருந்தது, "5 எம்.எல். மூன்று வேளை" என்று இருந்தது. எடை இல்லை. மருந்தின் வீரியமும் இல்லை.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: "சார், மூணு வேளைக்கு அஞ்சு எம்.எல். குடுத்தா இந்தப் பாட்டில் ஒரே நாள்ல தீந்துடுமே. டாக்டர் மூணு நாளைக்குன்னு சொன்னாரு. கடையில தப்பா குடுத்துட்டாங்களா?"

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். 15 மி.லி. சொட்டு மருந்து. கடையில் சிரப் தீர்ந்துபோயிருக்கிறது. அதே பெயரில் இருந்த சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் பாரசிட்டமால்தான். ஆனால் சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. மருந்து. சொட்டு மருந்திலோ ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மி.கி. ஒரே 5 மி.லி., சிரப்பாக இருந்தால் 125 மி.கி., சொட்டு மருந்தாக இருந்தால் 500 மி.கி. "பாப்பா எத்தனை கிலோம்மா?" என்று கேட்டேன். "அங்கன்வாடில போன மாசம் நிறுத்தாங்க சார், நோட்டுல இருக்கும்" என்றார் தாய். அவர் வீட்டுக்குப் போய் எடுத்துவந்த நோட்டில் ஒன்பது கிலோ என்று இருந்தது.

கணக்கு எளிது. பாரசிட்டமால் குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வரை, ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்தும் கிலோவுக்கு 75 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ஒன்பது கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 135 மி.கி. ஆகவே சிரப்பை மனத்தில் வைத்து 5 மி.லி. என்று எழுதிய டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதே 5 மி.லி.யைச் சொட்டு மருந்திலிருந்து மூன்று வேளை கொடுத்திருந்தால் ஒரு நாளில் 1,500 மி.கி.; கிலோவுக்கு 166 மி.கி. பாதுகாப்பான எல்லையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காய்ச்சலில் சாப்பிடாமல் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு இப்படி இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் கல்லீரல் கெட்டுவிடும். பாட்டில் சின்னதாக இருந்ததும், அந்தத் தகப்பன் அளந்து பழகிய மனிதராக இருந்ததும் அன்று அந்தக் குழந்தையைக் காப்பாற்றின.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். குழந்தையின் மருந்து அளவு அதன் எடையிலிருந்து பிறக்கிறது. அந்த எடை, கிலோவில், சீட்டின் தலையில் இருக்க வேண்டும். தெருமுனை கிளினிக்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவு வரை குழந்தை போகும் இடமெல்லாம் அந்த எண் அதனோடு போக வேண்டும். நம் ஊரில் அது போவதில்லை.

பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை என்றால் ஐம்பது கிலோ ஆளுக்கும் எண்பது கிலோ ஆளுக்கும் பெரும்பாலும் அதே மாத்திரைதான். குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு கிலோ பச்சைக் குழந்தையும் பக்கத்துக் கட்டிலில் நாற்பது கிலோ பையனும் படுத்திருப்பார்கள். இருபது மடங்கு வித்தியாசம். இருவருக்கும் மருந்து வருவதோ பெரியவர்களுக்கென்று அடைத்த ஒரே குப்பியிலிருந்து. இடையில் இருப்பது ஒரு மனிதர் மனத்துக்குள் போடும் கணக்கு. பெரும்பாலும் நடுராத்திரியில், தூக்கம் கெட்டு, அழுகைக்கும் அலாரச் சத்தத்துக்கும் நடுவே போடும் கணக்கு.

அமிகாசின் என்ற கிருமிக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் அது 100 மி.கி., 250 மி.கி., 500 மி.கி. என்று மூன்று வீரியத்தில் கிடைக்கிறது. மூன்றும் 2 மி.லி. குப்பி. மூன்று கிலோ பச்சிளங்குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 45 மி.கி. தேவை. 100 மி.கி. குப்பி என்றால் 0.9 மி.லி. இழுக்க வேண்டும். 500 மி.கி. குப்பி என்றால் 0.18 மி.லி. நான் வேலை பார்த்த மருத்துவமனை ஒன்றில் ஒருமுறை சின்னக் குப்பி தீர்ந்துபோய்ப் பெரிய வீரியக் குப்பி வார்டுக்குப் போயிற்று. போகிறது என்று நாங்கள் மருந்தகத்திலிருந்து சொல்லி அனுப்பவில்லை. இரவுப் பணியிலிருந்த செவிலியர் பழக்கத்தில் 0.9 மி.லி. இழுத்துவிட்டார். 225 மி.கி.; ஐந்து மடங்கு. அமிகாசின் கூடினால் சிறுநீரகம் கெடும். காதுக்குள் ஒலியை உணரும் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது, அந்தக் குழந்தை காலமெல்லாம் காது கேளாமல் வளரும். ஊசியைக் குத்தும் முன் குப்பியை இன்னொரு முறை படிக்கும் வழக்கம் அந்தச் செவிலியருக்கு இருந்தது. படித்தார், நிறுத்தினார். மறுநாள் காலை மருந்தகத்துக்கு வந்து என்னிடம் சத்தம் போட்டார். அவர் போட்ட சத்தம் நியாயமானது. முப்பது ஆண்டு வேலையில் நான் மறக்காத காலை அது.

இதயம் நின்றுபோன குழந்தைக்கு அட்ரினலின் போடும் கணத்தை நினைத்துப் பாருங்கள். ஆம்பியூலில் இருப்பது 1 மி.லி.யில் 1 மி.கி. பத்து கிலோ குழந்தைக்குத் தேவை 0.1 மி.கி. ஆகவே ஒரு ஆம்பியூலை ஒன்பது மி.லி. சலைனோடு கலந்து பத்தாக்கி, அதில் 1 மி.லி. போட வேண்டும். கலக்க மறந்து அதே 1 மி.லி.யைப் போட்டால் பத்து மடங்கு. குழந்தை மருத்துவத்தில் நடக்கும் பெரிய தவறுகளில் கணிசமானவை இப்படிப் பத்து மடங்குத் தவறுகள். ஒரு புள்ளி இடம் மாறுவதால், ஒரு பூஜ்யம் கூடுவதால் வருபவை. ".5" என்று எழுதினால் புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் 5 ஆகிவிடும், "5.0" என்று எழுதினால் 50 ஆகிவிடும். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடு, பின்னால் போடாதே என்று நான் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் நாள் தவறாமல் சொல்லியிருக்கிறேன்.

இது நம் ஊர்க் குறை மட்டும்தானா என்றால் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு எழுதிய 10,778 மருந்து உத்தரவுகளைப் பரிசோதித்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. 616 தவறுகள். தீங்கு விளைவித்திருக்கக்கூடிய தவறுகள் பெரியவர்கள் வார்டைப்போல மூன்று மடங்கு; அதிலும் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் அதிகம். அந்த ஆய்வு இன்னொன்றும் சொன்னது. வார்டிலேயே ஒரு மருந்தாளுநர் இருந்து ஒவ்வொரு உத்தரவையும் பார்த்திருந்தால் அந்த ஆபத்தான தவறுகளில் 94 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. இந்தியாவில் 2008 முதல் பார்ம்.டி. என்ற ஆறாண்டுப் படிப்பு நடக்கிறது. வார்டில் டாக்டரோடு நின்று மருந்தளவைப் பார்க்கவே உருவாக்கிய படிப்பு. நம் அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர்களுக்கென்று நிரந்தரப் பணியிடத்தை ஏற்படுத்துவதில் இன்னும் தயக்கம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

எடை தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. குழந்தை சின்ன உருவத்தில் இருக்கும் பெரியவர் அன்று. இதை மருத்துவ உலகம் குழந்தைகளைப் பலி கொடுத்துத்தான் கற்றது. 1950-களில் குளோராம்பெனிகால் என்ற நல்ல மருந்தைப் பச்சிளங்குழந்தைகளுக்கு எடைக் கணக்கிலேயே தாராளமாகக் கொடுத்தார்கள். குழந்தைகள் வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகி இறந்தன. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் திறன் இன்னும் வரவில்லை என்பது 1959-இல்தான் தெளிவானது.

நோயாளிக் குழந்தையின் உடல் இன்னும் சிக்கலானது. கிருமி ரத்தத்தில் பரவி ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கினால், உடம்பில் நீர் தேங்கும் இடம் பெரிதாகிறது. நீரில் கரையும் மருந்து அதில் நீர்த்துப்போகும். முதல் ஊசியை வழக்கமான அளவில் போட்டால் கிருமியை எட்டாது. அதே குழந்தையின் சிறுநீரகம் மறுநாள் சுணங்கினால் மருந்து வெளியேறாமல் சேரும். அப்போது அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டும். முதல் நாள் போதாத அளவு, மறுநாள் விஷம். ஆகவே தீவிர சிகிச்சையில் அளவை ஒருமுறை நிர்ணயித்து விட்டுவிட முடியாது. சிறுநீர் எவ்வளவு போகிறது, ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நம்மில் பலர் குளுக்கோஸ் ஏற்றுவதை மருந்தாகவே நினைப்பதில்லை. "ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறோம். அந்தத் தண்ணீருக்கும் அளவு உண்டு என்பதை உலகுக்குக் காட்டியவற்றில் ஒன்று நம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. கிருமித் தொற்றால் ரத்த ஓட்டம் குலைந்து அதிர்ச்சி நிலையில் வந்த 147 குழந்தைகளை வைத்து அங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர் இந்துமதி சந்தானமும் உடன் பணியாற்றியவர்களும் 2008-இல் அதை வெளியிட்டார்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 40 மி.லி. திரவத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் வேகமாக ஏற்றினார்கள். மறுபாதிக்குக் கிலோவுக்கு 20 மி.லி. வீதம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறையாக, நிதானித்து ஏற்றினார்கள். அந்நாள் மேலைநாட்டு வழிகாட்டிகள் வேகத்தைத்தான் வலியுறுத்தின. முடிவில் இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் வேகமாக ஏற்றிய குழந்தைகளில் கல்லீரல் வீங்கியவர்கள் அதிகம் இருந்தார்கள். உடம்பு தாங்கும் அளவைத் தண்ணீர் தாண்டிவிட்டது என்பதற்கு அது அடையாளம். வென்டிலேட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நாட்டில் அந்த மிகுதியைச் சமாளித்துவிடலாம். கூட்டம் நிரம்பி வழியும் நம் வார்டில் குழந்தையின் விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்துக் கல்லீரலைத் தடவிப் பார்த்துத்தான் அடுத்த பாட்டிலைத் திறக்க வேண்டும்.

மூன்று ஆண்டு கழித்து, 2011-இல், உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு வெளிவந்தது. கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த குழந்தைகளுக்குத் திரவத்தை வேகமாக ஏற்றியபோது 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 10.5 பேர் இறந்தார்கள். அப்படி ஏற்றாமல் மெதுவாகக் கொடுத்த குழந்தைகளில் 7.3 பேர். ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2020-இல் வந்த சர்வதேச வழிகாட்டி, தீவிர சிகிச்சை வசதி இருக்கும் இடத்துக்கு ஒரு முறையும் இல்லாத இடத்துக்கு இன்னொரு முறையும் என்று பிரித்தே எழுதியது. எழும்பூர் வார்டில் தடவிப் பார்த்த விரல்கள் சொன்னதை உலகம் கேட்க இவ்வளவு காலம் பிடித்தது. டெங்கு காலத்தில் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் ஒரு பாட்டில் கூடுதலாக ஏற்றச் சொல்லி வற்புறுத்தும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெங்குவில் தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும்.

அளவு கூடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். குறைவதும் கொல்லும், சத்தமில்லாமல் கொல்லும் என்பதால் கணக்கில் வருவதில்லை. எங்கள் பக்கத்தில் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். அந்த நோயில்தான் குழந்தைகளுக்குப் பல்லாண்டுகள் போதாத மருந்து கொடுத்துவந்தோம். பெரியவர்களின் கிலோக் கணக்கை அப்படியே குழந்தைகளுக்கும் வைத்தார்கள். ஆனால் சிறு குழந்தையின் கல்லீரல் அந்த மருந்துகளைப் பெரியவர்களைவிட வேகமாக உடைத்துத் தள்ளிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் குழந்தைகளுக்கான அளவைக் கூட்டியது: ஐசோனியாசிட் கிலோவுக்கு 10 மி.கி., ரிபாம்பிசின் 15 மி.கி. சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பழைய அளவில் மருந்து சாப்பிட்ட குழந்தைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து 2013-இல் எழுதினார்கள். பெரும்பாலான குழந்தைகளின் ரத்தத்தில் ரிபாம்பிசின் இருக்க வேண்டிய அளவை எட்டவில்லை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும்தான் மிகக் குறைவு. மூளைக்காய்ச்சலாக மாறிப் படுக்கையில் வளைந்து கிடக்கும் காசநோய்க் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை பேருக்கு மருந்து போய்ச் சேர்ந்தும் அளவு போய்ச் சேராமல் இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

காசநோய்த் திட்டம் அந்தத் தவறிலிருந்து ஒரு நல்ல வழியையும் கண்டது. இப்போது குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரையும் கூட்டு மாத்திரை தருகிறார்கள். 4 முதல் 7 கிலோ வரை ஒன்று. 8 முதல் 11 வரை இரண்டு. 12 முதல் 15 வரை மூன்று. 16 முதல் 24 வரை நான்கு. எடையைப் பார், மாத்திரையை எண்ணு. கணக்கே இல்லை. பாலாடையில் கரைத்துப் புகட்டலாம். இந்த எளிமையை மற்ற மருந்துகளுக்கும் கொண்டுவர முடியும்.

எடைக் கணக்குக்கு விலக்கும் உண்டு. கல்குவாரிப் பள்ளமும் ஏரிக்கரையும் சூழ்ந்த எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் பாம்புக்கடி உண்டு. பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லை. எதிர்விஷ மருந்து முறிக்க வேண்டியது உள்ளே போன விஷத்தை. ஆகவே பெரியவருக்கு எத்தனை குப்பியோ குழந்தைக்கும் அத்தனையே. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் பெரும்பாலும் அந்த மருந்து தயாராகிறது. குழந்தைதானே என்று பயந்து பாதிக் குப்பிகளோடு நிறுத்தினால் உயிர் போகும். குப்பியைக் கலக்கும் சலைனின் அளவு மட்டும் எடைக்குத் தக்கபடி குறைய வேண்டும்.

இத்தனையும் குப்பிக்குள் இருப்பது மருந்துதான் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் கணக்கு. அந்த நம்பிக்கையை 2025 அக்டோபரில் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டமே உடைத்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீர் போகாமல் அடுத்தடுத்து இறந்தன, இருபதுக்கும் மேல். அந்தக் கோல்ட்ரிப் சிரப்பைத் தயாரித்தது சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மாசூட்டிகல்ஸ். எஸ்.ஆர்.-13 என்ற தொகுப்பை எடுத்துச் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கும் எல்லை 0.1 சதவீதம். மருந்து ஆய்வாளர்கள் ஆலைக்குள் கண்ட குறைபாடுகள் 350-க்கு மேல். உரிமம் ரத்தாயிற்று, உரிமையாளர் கைதானார். 5 மி.லி. சிரப்பில் ஏறத்தாழ 2.4 கிராம் விஷம் இருந்திருக்கிறது. வேளை தவறாமல், மூடியில் கோடு பார்த்து ஊற்றிப் புகட்டிய தாய்மார்கள் அவர்கள்.

அந்தச் சிரப்பின் கூட்டில் குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் இருந்தன. நான்கு வயதுக்குக் கீழே இந்தக் கூட்டைக் கொடுக்கக் கூடாது, லேபிளில் அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். சென்னைக்கு இது புதிதும் இல்லை. 1972-இல் இதே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இதே விஷம் கலந்த மருந்தால் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அமெரிக்காவில் 1937-இல் இதே பொருள் கலந்த சல்பா மருந்தால் 105 பேர் இறந்தபோது அடுத்த ஆண்டே சட்டத்தை மாற்றி எழுதினார்கள். நாம் 1972-க்குப் பிறகும் ஒவ்வொரு மூலப்பொருள் பீப்பாயையும் திறந்து சோதிக்கும் பழக்கத்தைக் கட்டாயமாக்கி நடைமுறையில் நிலைநிறுத்தவில்லை. இது மன்னிக்கக் கூடியதில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுப்போன அமைப்பு. அது டெண்டரில் எழுதினால் கம்பெனிகள் கேட்டாக வேண்டும். குழந்தைகள் வார்டுக்கு அமிகாசின் என்றால் ஒரே வீரியம். வேறு வீரியக் குப்பிக்கு வேறு நிற லேபிள். சிரப் பாட்டில் ஒவ்வொன்றோடும் மி.லி. கோடு போட்ட, ஊசி மாட்ட முடியாத வாய்வழி சிரிஞ்ச் ஒன்று. வீட்டு டீஸ்பூன் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அளவு. அந்த ஸ்பூனைக் குழந்தை மருந்திலிருந்து ஒழித்துவிடலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சிரிஞ்ச் பம்பில் போகும் டோபமின் போன்றவற்றுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் எடையை ஆறால் பெருக்கி ஒவ்வொரு கரைசல் தயாரிக்கும் பழைய வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எட்டு கிலோ குழந்தைக்கு 100 மி.லி.யில் 48 மி.கி., பதினொரு கிலோவுக்கு 66 மி.கி. பத்துக் கட்டிலில் பத்துக் கரைசல். அமெரிக்காவில் இதைக் கைவிடச் செய்து, எல்லாக் குழந்தைக்கும் ஒரே செறிவில் கலந்து, பம்பு ஓடும் வேகத்தை மட்டும் எடைக்கேற்ப மாற்றும் முறைக்கு மருத்துவமனைகளைக் கொண்டுவந்தார்கள். நம் மாநிலம் முழுவதற்கும் ஒரே செறிவுப் பட்டியல் ஒன்று வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து எழும்பூருக்கு 108-இல் போகும் குழந்தையின் பம்பில் ஓடுவது என்ன என்று அங்கே இறக்கிக்கொள்பவர் கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டும்.

தராசில் ஏற்ற முடியாத நிலையில் வரும் குழந்தைகளுக்கு என்ன செய்வது? 1980-களில் அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் புரோஸ்லோ ஒரு வண்ண நாடா செய்தார். குழந்தையின் நீளத்தை அளந்தால் எடையையும் மருந்தளவையும் அந்த நிறக் கட்டமே சொல்லும். நல்ல கருவி. ஆனால் மும்பைக் குழந்தைகளிடம் அதைச் சோதித்த 2008 ஆய்வில், பத்து கிலோவுக்கு மேற்பட்டவர்களின் எடையை அது பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டியது. நம் குழந்தைகள் மெலிந்தவர்கள். நம் குழந்தைகளை அளந்து நமக்கென்று ஒரு நாடா செய்வது எழும்பூர் மருத்துவமனைக்கு முடியாத வேலையில்லை.

"காலை ஓ.பி.யில் இருநூறு குழந்தை. ஒவ்வொன்றையும் நிறுக்க நேரமேது?" என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சுமை எனக்குத் தெரியும். ஆனால் நிறுக்கும் வேலை டாக்டருடையதே இல்லை. 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது கிராமத்துப் பெண்கள் மரக்கிளையில் தொங்கும் தராசில் மாதம் தவறாமல் குழந்தைகளை நிறுத்து அட்டையில் குறித்தார்கள். இன்றும் அங்கன்வாடிகளில் அது நடக்கிறது. அந்த லேத் தொழிலாளியின் மகள் ஒன்பது கிலோ என்பது அரசாங்கத்தின் நோட்டில் ஏற்கெனவே இருந்தது. டாக்டரின் மேசைக்குத்தான் அது வந்து சேரவில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் டோக்கன் தரும் இடத்தில் ஒரு தராசு வையுங்கள். டோக்கனிலேயே கிலோவை எழுதுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எடை, மருந்தின் வீரியம், மி.கி., மி.லி. நான்கும் இல்லாத சீட்டு செல்லாது என்று மாநில மருத்துவக் கவுன்சில் அறிவிக்கட்டும். அப்படிப்பட்ட சீட்டுக்கு மருந்து கொடுக்க மாட்டோம் என்று மருந்துக் கடைக்காரர்கள், என் தொழிலைச் சேர்ந்தவர்கள், சொல்லட்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துக் கொடுக்கும் முன் டாக்டருக்கு ஒரு போன் செய்வது எங்கள் கடமை. அந்த மழை இரவில் தவறியது அந்தக் கடமைதான்.

வாசகரே, உங்கள் வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இன்றே நிறுத்துப் பார்த்து, தேதி போட்டு, தடுப்பூசி அட்டையின் மேலேயே எழுதி வையுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சீட்டில் அந்த எண் இல்லையென்றால் மருந்து வாங்கும் முன் திரும்பிப் போய் எழுதி வாங்குங்கள். கடையில் பாட்டில் கைக்கு வந்ததும் ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்று கேளுங்கள். மருந்து கொடுத்தபின் குழந்தைக்கு ஏதாவது மாறுதலாகத் தெரிந்தால் பாட்டிலைத் தூக்கி எறியாமல் கையோடு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தெரிவிப்பதற்கான 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அதைப் பதியுங்கள்.